'விடு' என்றதும் விட, குட்டியைப் பழக்குவது எப்படி?

போன பனம்பழக் காலத்தில் எங்கள் நாய்க்குட்டி ஜிம்மிக்கு மூன்று மாதம். யாரோ சூப்பிப் போட்ட பனங்கொட்டை ஒன்றைக் கவ்விக்கொண்டு விறாந்தை வாங்கிலுக்குக் கீழே பதுங்கிவிட்டது. இரண்டு பேர் சேர்ந்து பிடித்து, வாயைத் திறந்து பறித்தோம். அடுத்த நாள் நான் கிட்டப் போனதுமே உறுமியது. கை வந்தால் பறிபோகும் என்று அதற்குக் கற்றுக்கொடுத்தது நாங்கள்தான். அதை மாற்றிய விதத்தைச் சொல்கிறேன்.

முதலில் விளையாட்டுச் சாமான். பழைய சாரத்தை நீளமாகக் கிழித்து, மூன்று புரியாகப் பின்னி, இரண்டு பக்கமும் முடிச்சுப் போடுங்கள். ஒரு முழ நீளம் இருந்தால் உங்கள் விரல் பல்லுக்குத் தள்ளியே இருக்கும். பழைய செருப்பு வேண்டாம், புதுச் செருப்புக்கும் அதற்கும் குட்டிக்கு வித்தியாசம் தெரியாது. பரிசுக்கு, உப்பும் தூளும் போடாமல் அவித்த கோழி இறைச்சியைச் சுண்டுவிரல் நகமளவுக்கு நறுக்கி வையுங்கள். கறிச்சட்டியிலிருந்து எடுக்கக் கூடாது. வெங்காயம் நாய்க்கு நஞ்சு.

சரி, வெயில் தணிந்ததும் முற்றத்துக்கு வாருங்கள். கயிற்றை நிலத்தோடு ஒட்டி, பக்கவாட்டில் மெல்ல ஆட்டுங்கள். மேலே தூக்கி இழுத்தால் கழுத்து நோகும். நாலு மாதமளவில் பால்பற்கள் விழத் தொடங்கும். அப்போது கயிற்றில் கொஞ்சம் இரத்தம் பட்டால் பயப்பட வேண்டாம், இன்னும் மெதுவாக விளையாடுங்கள்.

பத்து எண்ணும் வரை விளையாடியதும் கையை முழங்காலோடு சேர்த்து அசையாமல் வையுங்கள். இழுக்கக் கூடாது, பேசவும் கூடாது. நீங்கள் இழுத்தால் குட்டிக்கு அது விளையாட்டு, அதுவும் இழுக்கும். ஆடாத துணியில் சுவை இல்லை. முதலில் இன்னும் பலமாக இழுத்துப் பார்க்கும், வாயை மாற்றிக் கவ்வும். பிறகு கண் உங்கள் முகத்துக்கு வரும், தாடை தளரும், நாக்கு தெரியும். துணி வாயிலிருந்து நழுவிய அந்த நொடியே "நல்ல பிள்ளை" என்று சொல்லி இறைச்சியைக் கொடுங்கள். விடவே மாட்டேன் என்று நின்றால் இறைச்சியை மூக்கடியில் பிடியுங்கள், வாய் தானாகத் திறக்கும்.

அப்புறம் உடனே கயிற்றைத் திருப்பிக் கொடுத்து மறுபடி விளையாடுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்த குட்டி எதற்கு உறுமப் போகிறது?

இப்படி நாலைந்து தடவை கெதியாக விடத் தொடங்கிய பிறகுதான் சொல் வரவேண்டும். தாடை தளரப் போகிறது என்று தெரியும்போது, சாதாரணக் குரலில் ஒரே ஒரு தடவை "விடு". அம்மா "போடு" என்றும் தம்பி "தா" என்றும் சொன்னால் குட்டி குழம்பிவிடும், வீட்டில் எல்லோருக்கும் ஒரே சொல். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை போதும்.

விளையாட்டில் பல் பட்டு இரத்தம் வந்தால், ஓடும் தண்ணீரில் சோப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய் நோய் விஷயத்தில் 'நம்ம குட்டிதானே' என்று இருக்கக் கூடாது.

பனங்கொட்டை, சமைத்த கோழி எலும்பு போன்றவற்றைத் திருப்பிக் கொடுக்க முடியாது. எலும்பு குத்தும், கொட்டை பல்லை உடைக்கும். அப்போது துரத்தாமல், நாலைந்து துண்டு இறைச்சியைக் கொஞ்சம் தள்ளி நிலத்தில் சிதறிப் போடுவேன். ஜிம்மி கவ்வியதைப் போட்டுவிட்டு, ஒவ்வொன்றாக மோந்து பொறுக்கும். அதற்குள் கொட்டையை எடுத்து ஒளித்துவிட்டு, சாரக் கயிற்றோடு முற்றத்தில் இறங்கிவிடுவேன்.