குமரி மாவட்டத்தில் செய்தி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்திய அரசியலமைப்பில் பத்திரிகைகளுக்கென்று தனிப் பிரிவு எதுவும் இல்லை. 19(1)(அ) பிரிவு குடிமக்கள் அனைவருக்கும் வழங்கும் பேச்சுரிமைக்குள்ளேயே பத்திரிகைச் சுதந்திரமும் அடங்கும் என்பதை, சென்னை மாநில அரசுக்கு எதிராக ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில் 1950-இல் தொடங்கி உச்ச நீதிமன்றம் பலமுறை உறுதி செய்திருக்கிறது. அதாவது, செய்தியாளர் கையாள்வது வாசகருக்கும் உள்ள அதே உரிமையைத்தான். வண்டியில் ‘பிரஸ்’ என்று ஒட்டிக்கொண்டு, களியக்காவிளை சோதனைச் சாவடியில் நிற்காமல் போவதற்கான சலுகையாக அதைக் கருதுவது சிறிய தவறாகத் தோன்றலாம். பெரிய தவறுகள் பலவும் அந்த மனநிலையிலிருந்தே கிளைக்கின்றன.

அதிகாரத்தைக் கேள்வி கேட்பதற்கு ஒரு காலத்தில் இங்கே என்ன விலை இருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். குமரி திருவிதாங்கூரோடு இருந்த 1910-ஆம் ஆண்டு செப்டம்பர் 26 அன்று, திவானைத் தொடர்ந்து விமர்சித்த ‘சுதேசாபிமானி’ இதழின் அச்சகத்தைச் சமஸ்தான அரசு பறிமுதல் செய்தது. ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையை நாடு கடத்தித் திருநெல்வேலிக்கு அனுப்பியது. இன்றைய அழுத்தங்களுக்கு அவ்வளவு ஆரவாரம் தேவைப்படுவதில்லை. ஒரு பிறந்தநாள் விளம்பரமும், செய்தியாளர் சந்திப்பின் முடிவில் கைமாறும் பணக் ‘கவரு’மே பல கேள்விகளை அடக்கிவிடுகின்றன.

ஆனால் பொய்ச் செய்தியையும் கவரையும் விட அன்றாடம் அதிகத் தீங்கு செய்வது, அரசு அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் செய்திக்குறிப்பை அப்படியே வெளியிடும் பழக்கம் என்பது என் கருத்து. ஒக்கிப் புயல் இதைக் கண்முன் காட்டியது. 2017 நவம்பர் 30 அன்று புயல் மாவட்டத்தை ஒட்டிக் கடல் வழியே கடந்தபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பல நாட்களுக்கு முன்பே கடலுக்குள் போயிருந்தார்கள். கரையில் விழுந்த மரங்களும் சாய்ந்த மின்கம்பங்களும் எளிதில் படமாயின. கடலில் இருந்தவர்களின் கணக்கு அப்படிக் கிடைக்கக்கூடியதன்று. அரசு ஓர் எண்ணிக்கையைச் சொன்னது. பங்குத் தேவாலயங்கள் வீடு வீடாகத் திரட்டிய பட்டியல் வேறோர் எண்ணிக்கையைச் சொன்னது. கொச்சியிலிருந்து புறப்பட்ட படகில் இருந்த சின்னத்துறைக்காரர் எந்த மாநிலத்தின் கணக்கில் வருவார், படகில் வேலைக்கு வந்த வெளிமாநிலத் தொழிலாளியை யார் எண்ணுவார் என்று கேட்டிருந்தாலே அந்த வேறுபாட்டின் காரணம் பாதி விளங்கியிருக்கும். காணாமல் போனவர்களைத் தேடும் பணியைத் தீவிரப்படுத்தக் கோரி டிசம்பர் 7 அன்று மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் திரண்டு தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். சென்னைத் தொலைக்காட்சிகளோ அந்த வாரத்தில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலின் வேட்புமனு விவகாரத்தில் மூழ்கியிருந்தன.

எனவே எந்த எண்ணை எழுதினாலும் அதை யார் சொன்னார், எந்த நாள் நிலவரம், எதையெல்லாம் சேர்க்காமல் எண்ணியது என்ற மூன்றையும் உடன் எழுத வேண்டும். இரண்டு கணக்குகள் முரண்பட்டால் ஒன்றைத் தள்ளிவிடாமல் இரண்டையும் கொடுத்து, முரண்பாட்டின் காரணத்தைத் தேடுவதே செய்தியாளரின் வேலை.

விழாவைச் செய்தியாக்கி நிர்வாகத்தை விட்டுவிடுவது இன்னொரு தவறு. நவம்பர் 1 குமரி தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாள். நாகர்கோவிலில், இணைப்புப் போராட்டத்தின் தலைவர் மார்ஷல் நேசமணியின் சிலைக்கு ஒவ்வொரு கட்சியும் மாலை அணிவிக்கும் படம் மறுநாள் வரிசையாக வரும். 2022 முதல் அதே நாள் உள்ளாட்சி நாளாகவும் இருப்பதால் ஊராட்சிகளில் கிராம சபையும் கூடுகிறது. அங்கே வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டதா, குளத்து ஆக்கிரமிப்பு பற்றிய தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று எழுதும் செய்தி அரிதாகவே கண்ணில் படுகிறது. மாலை போட்ட படம் வெளிவராவிட்டால் யாருடைய வாக்கும் மாறப்போவதில்லை. தீர்மானம் வெளிவந்தால் மாறக்கூடும்.

சாதி, மத அடையாளத்தைக் கையாள்வதில் இங்கே கூடுதல் கவனம் தேவை. இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட 1982 மண்டைக்காடு கலவரத்தின் நினைவு இன்னும் உயிரோடு இருக்கும் மாவட்டத்தில், பேருந்தில் இருக்கைக்காக நடந்த கைகலப்பை ‘இரு தரப்பினர் மோதல்’ என்று தலைப்பிட்டால், வாசகர் அந்தத் தரப்புகளுக்குத் தாமே பெயர் வைத்துக்கொள்வார். நிகழ்வுக்கும் மதத்துக்கும் தொடர்பில்லை என்றால் குறிப்பாலும் அதை உணர்த்தக் கூடாது. அதற்காக, சாதியின் பெயரால் நடந்த வன்கொடுமையை ‘முன்விரோதம்’ என்று எழுதுவதும் நேர்மையன்று. குற்றத்தின் காரணமே அங்கே மறைக்கப்படுகிறது.

பாலியல் குற்றச் செய்திகளில், பெயரை மாற்றிவிட்டால் போதும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு பெயரோடு முகவரி, குடும்பம், பள்ளி, சுற்றுப்புறம் என அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடத் தடை விதிக்கிறது. பெரியவர்கள் விஷயத்தில், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு அடையாளத்தை வெளியிடுவதைக் குற்றமாக்குகிறது. ஒரு கடற்கரை ஊரின் பெயரையும், தந்தை வெளிநாட்டில் வேலை செய்கிறார் என்பதையும், மாணவி பதினொன்றாம் வகுப்பு என்பதையும் சேர்த்து எழுதினால், அந்த ஊரில் யாருக்கும் பெயர் தேவைப்படாது.

‘இரு தரப்பையும் கேட்டோம்’ என்று நிறுத்திக்கொள்வதும் போதாது. மணவாளக்குறிச்சி கனிம மணல் பற்றி எழுதும்போது, ஊர் மக்கள் நோய் பரவுகிறது என்கிறார்கள், மணல் எடுக்கும் நிறுவனம் மறுக்கிறது என்று முடித்தால் வாசகர் தொடங்கிய இடத்திலேயே நிற்பார். அந்த மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் கதிரியக்கத் தனிமமான தோரியம் இருப்பது தெரிந்த உண்மை. கதிர்வீச்சு எங்கே, எப்போது, யாரால் அளக்கப்பட்டது என்பதே கேள்வி. தகவல் அறியும் உரிமைச் சட்டம் முப்பது நாட்களில் பதில் பெறும் வழியைத் தருகிறது. நாளைய பக்கத்துக்கு அது உதவாது என்பது உண்மைதான். அடுத்த மாதமும் அதே பிரச்சினை அங்கேயே இருக்கும்.

தவறு நேர்ந்தபின் செய்யும் தவறு தனி வகை. முதல் பக்கத்தில் வந்த பிழைக்கு உள்பக்கத்தின் அடியில் நான்கு வரியில் வருத்தம் தெரிவிப்பது திருத்தம் ஆகாது. செய்தித்தாள் மீது, அச்சு ஊடகங்களின் நெறிகளைக் கண்காணிக்கும் இந்திய பிரஸ் கவுன்சிலில் புகார் செய்ய விரும்புபவர் முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும். கவுன்சிலால் எச்சரிக்கவும் கண்டிக்கவும் முடியுமே தவிர, அபராதம் விதிக்க முடியாது. தொலைக்காட்சியும் யூடியூப் சேனல்களும் அதன் வரம்புக்குள்ளேயே வருவதில்லை. ஆகையால் அவர்களுடைய பொறுப்பு இன்னும் கூடுகிறது. காணொளியைச் சத்தமில்லாமல் நீக்கிவிடாமல், எது தவறாகச் சொல்லப்பட்டது, சரியானது எது, எந்த நாளில் திருத்தப்பட்டது என்பதை அதே தலைப்பில், அதே இடத்தில் சொல்ல வேண்டும்.