மழைக்கால விபத்துக்குப் பின்: காப்புறுதியிலும் பழுதுபார்ப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளியை ஒட்டிய அக்டோபர், நவம்பர் மாதங்களில் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வானம் இருண்டுவிட்டால், சாலையில் இறங்கவே மனம் அஞ்சும். செம்பனைக் குலைகளை ஏற்றிய லாரிகள் தோட்டத்து மண் சாலையிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறும் முனைகளில், டயர்களோடு வந்து அப்பிய செம்மண் மழையில் குழைந்து கிடக்கும். குளிர்நாடுகளில் உறைபனி செய்கிற வேலையை இங்கே அந்தச் சேறு செய்கிறது. நான் பார்த்த இத்தகைய விபத்துகளில் பல, உயிர்ச்சேதமின்றி பம்பரோடும் விளக்கோடும் போனவை. ஆயினும் அவற்றால் குடும்பங்கள் பட்ட பணக்கஷ்டம் சிறியதன்று. மோதிய பிறகு, முதல் ஒரு நாளுக்குள் அவர்கள் பேசியவையும் கையொப்பமிட்டவையுமே பெரும்பாலும் அந்தக் கஷ்டத்துக்குக் காரணமாயின.

தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குக் குடிவந்தவர்கள் நிறைந்த எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), மலாய் மொழியில் கடிதமும் மனுவும் எழுதித் தரும்படி பலர் என்னைத் தேடி வருவதுண்டு. அவர்களுக்குத் துணையாகப் போலீஸ் நிலையத்துக்கும் பட்டறைக்கும் சென்று கற்றவற்றையே இங்கு எழுதுகிறேன்.

சாலையோரத்தில் பேசி முடித்துக்கொள்வது

மழையில் நனைந்தபடி நிற்கும்போது, மோதியவர் அருகில் வந்து, “அண்ணே, புகாரெல்லாம் எதற்கு? பட்டறையில் காட்டுங்கள், செலவை நான் கொடுத்துவிடுகிறேன்” என்று கைப்பேசி எண்ணைத் தருவார். சம்மன் வருமோ என்ற அச்சமும், வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளின் நினைப்பும் சேர்ந்து நம்மைத் தலையாட்ட வைத்துவிடும். அவர் நல்ல மனத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் பட்டறைக்காரர் 2,800 வெள்ளி (ரிங்கிட்) என்று எழுதித் தந்த சீட்டைப் பார்த்த பிறகு அந்த எண்ணில் யாரும் பேசுவதில்லை. அதைவிட மோசமானது, அவர் வீட்டுக்குப் போய் யோசித்து, நாம்தான் மோதினோம் என்று முந்திக்கொண்டு புகார் செய்துவிடுவது. அப்போது நம்மிடம் பதில் சொல்ல ஒரு தாளும் இருக்காது.

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, விபத்தில் சம்பந்தப்பட்ட ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும் என்கிறது. போலீஸ் புகார் இல்லாமல் எந்தக் காப்புறுதி நிறுவனமும் விபத்துக் கோரிக்கையைக் கையில் எடுக்காது. நிறுவனத்துக்குத் தனியாகத் தகவல் சொல்வதற்கும் காலவரையறை உண்டு: வழக்கமான பாலிசியில் ஏழு நாள், காயமடைந்து மருத்துவமனையில் இருந்தால் 30 நாள். புகார் செய்துவிட்டதால் நிறுவனத்துக்குத் தானாகத் தெரிந்துவிடும் என்று எண்ணிச் சும்மா இருந்தவர்கள் பலர்.

தவறு தம்முடையது என்று எழுதிக் கொடுப்பதும், “நான் பணம் தருகிறேன்” என்று வாக்களிப்பதும் கூடாது. நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் பொறுப்பை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது பாலிசியிலேயே உள்ள நிபந்தனை. காயம் பட்டிருக்கிறதா என்று கேட்பதும், தண்ணீர் வாங்கித் தருவதும் மனிதத்தன்மை. அவற்றைத் தாராளமாகச் செய்யலாம். படங்கள் எடுக்கும்போது சேதத்தை மட்டும் எடுக்காமல், இரண்டு வண்டிகளின் எண் பலகை, சாலைக் கோடு, சேறு படிந்த இடம் ஆகியவை ஒரே படத்தில் தெரியும்படி சற்றுத் தள்ளி நின்று எடுங்கள். டேஷ்கேம் இருந்தால் அதன் அட்டையை அன்றே கழற்றி வையுங்கள், இல்லையெனில் பழைய பதிவின்மேல் புதியது பதிந்துவிடும்.

புகாரைப் படிக்காமல் கையொப்பமிடுவது

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இதுதான். நாம் சொல்வதைக் கேட்டு அதிகாரி மலாய் மொழியில் தட்டச்சு செய்வார். அச்சாகி வந்த தாளில் நம் மூத்தவர்கள் “சரி, சரி” என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள்.

பழைய புரோட்டோன் சாகா ஓட்டும் ஒரு பெரியவர், முன்னாள் பால்மரத் (ரப்பர் தோட்டத்) தொழிலாளி, சாலைச் சந்திப்பில் ஒரு காருக்குப் பின்னால் நின்றிருந்தார். பின்னால் வந்த சிறிய லாரி சேற்றில் வழுக்கி அவர் காரை இடித்துத் தள்ள, அவர் கார் முன்னால் நின்ற காரின்மேல் போய் முட்டியது. புகாரில் இருந்ததோ “தெர்லாங்கார்” என்ற ஒரு சொல். மலாயில் “தெர்லாங்கார்” என்றால் தவறுதலாக நான் மோதிவிட்டேன் என்று பொருள். “டிலாங்கார்” என்றால் நான் மோதப்பட்டேன் என்று பொருள். முன்னால் நின்ற காரைத் தாம் “தெர்லாங்கார்” செய்ததாக முதல் வரியிலேயே இருந்தது, லாரி தள்ளியதோ நான்காவது வரியில் பட்டும் படாமலும் வந்தது. அவர் பொய் சொல்லவில்லை, அதிகாரியும் திரிக்கவில்லை. பதற்றத்தில் அவர் “முன்னால் காரை மோதிவிட்டேன் ஐயா” என்று தொடங்கினார், தொடங்கியபடியே அது பதிவாகிவிட்டது. மறுநாள் நாங்கள் சென்று கூடுதல் புகார் ஒன்று செய்து, நின்றிருந்த நிலையில் பின்னாலிருந்து தள்ளப்பட்டதைத் தெளிவாக எழுதிய பிறகே விஷயம் நேரானது.

ஆகவே, நடந்ததை நடந்த வரிசையில் சொல்லுங்கள்: எங்கே இருந்தீர்கள், நின்றீர்களா ஓடினீர்களா, எது முதலில் எதை இடித்தது. மலாய் படிக்கத் தெரிந்த பிள்ளையையோ பேரனையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். தாளை ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையொப்பமிடுங்கள். வாகன எண், தேதி, நேரம், இடம் ஆகியவற்றில் ஓர் எழுத்துப் பிழைகூடப் பின்னர் வாரக்கணக்கில் அலைய வைக்கும்.

இழுவை லாரிக்காரர் நீட்டும் தாள்

இதில் ஏமாந்தவன் நானே. சில ஆண்டுகளுக்கு முன் கோலகங்சார் செல்லும் வழியில் என் மைவி காரின் முன்சக்கரம் ஓரத்துச் சாக்கடையில் இறங்கிவிட்டது. நான் யாரையும் அழைக்கும் முன்பே ஓர் இழுவை லாரி வந்து நின்றது. குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஈரத்தில் ஒட்டிக்கொண்ட தாளை பானெட்டின்மேல் விரித்து, “இழுப்பதற்குத்தான் சார்” என்று பேனாவைக் கொடுத்தார் ஓர் இளைஞர். நான் போட்டது இழுப்பதற்கான கையொப்பம் மட்டுமன்று; குறிப்பிட்ட ஒரு பட்டறை என் காரைப் பழுதுபார்க்கவும், என் சார்பில் கோரிக்கை செய்யவும் கொடுத்த அதிகாரம். அந்தப் பட்டறை என் காப்புறுதி நிறுவனத்தின் அங்கீகாரப் பட்டியலில் இல்லை. காரை மீட்பதற்குள் ஒன்பது நாள் நிறுத்தக் கட்டணமும் இழுவைக் கட்டணமும் என் கையிலிருந்து போயின.

பாலிசித் தாளிலோ நிறுவனத்தின் செயலியிலோ உள்ள அவசர எண்ணை இன்றே கைப்பேசியில் பதிந்து வையுங்கள். அந்த எண்ணில் பேசும் முன் எந்தத் தாளிலும் கையொப்பமிடாதீர்கள். சாலையை மறித்து நிற்கும் காரை அவசரமாக நகர்த்தியே ஆக வேண்டுமென்றால், பாதுகாப்பான இடம் வரை இழுப்பதற்கு மட்டும் கட்டணம் பேசி, அதையே தாளில் எழுதச் சொல்லி, தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியில் கோருவது

தவறு எதிர்த்தரப்புடையது என்று போலீஸ் விசாரணையில் தெரிந்து, இரு கார்களுக்கும் முழுக் காப்புறுதி (சொந்தக் காரின் சேதத்தையும் ஏற்பது) இருந்தால், நாக்-ஃபார்-நாக் முறையில் நம் சொந்த நிறுவனத்திடமே பணம் பெறலாம், என்.சி.டி. எனப்படும் கோரிக்கையின்மைக் கழிவு (கோரிக்கை செய்யாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) அதனால் குறையாது. இதை அறியாமல் எதிர்த்தரப்பு நிறுவனத்தின் வாசலில் மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. நம்முடைய பாலிசி மூன்றாம் தரப்புக்கு மட்டுமானது என்றால் அந்த வாசலைத் தவிர வேறு வழியில்லை. அப்போது, கார் பழுதாகி நின்ற நாட்களுக்கான இழப்பீட்டையும் கேட்க மறந்துவிட வேண்டாம்.

தவறு நம்முடையதாக இருந்தால், கோருவதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும். சொந்தக் காருக்கான என்.சி.டி. 25, 30, 38.33, 45, 55 விழுக்காடு என ஆண்டுதோறும் ஏறும்; நம் தவறுக்காக ஒருமுறை கோரினால் அது பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். கழிவுக்கு முன் பிரீமியம் 1,200 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 55 விழுக்காட்டில் இருப்பவர் 540 வெள்ளி கட்டிக்கொண்டிருப்பார். கோரிய பின் முதலாண்டில் 660 வெள்ளி அதிகம் கட்டுவார். அடுத்தடுத்த ஆண்டுகளில் 360, 300, 200, 120 என அந்தக் கூடுதல் குறைந்து, மீண்டும் 55 விழுக்காட்டை எட்டும்போது மொத்தம் 1,640 வெள்ளி போயிருக்கும். 900 வெள்ளி செலவாகும் பம்பருக்காகக் காப்புறுதியைத் தொடுவது அவருக்கு நட்டம். சொந்தப் பணத்தில் பழுதுபார்ப்பது என்று முடிவெடுத்தாலும் போலீஸ் புகாரையும் நிறுவனத்துக்குச் சொல்லும் தகவலையும் விட்டுவிடக் கூடாது, ஏனெனில் எதிர்த்தரப்பின் கோரிக்கை பின்னால் வரலாம்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கும். ஐந்து வயதான காருக்குப் புதிய பாகம் பொருத்தினால் அதன் விலையில் 15 விழுக்காட்டை உரிமையாளர் ஏற்க வேண்டும். அது ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு கூடி, பத்து வயதிலும் அதற்கு மேலும் 40 விழுக்காடாக நிற்கும். எட்டு வயதுக் காருக்கு 3,000 வெள்ளிக்குப் பாகங்கள் மாற்றினால் 900 வெள்ளி நம்முடையது. இதை முன்பே தவிர்க்கும் கூடுதல் காப்பு உண்டு, புதுப்பிக்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். அதுபோல, பாலிசியில் பெயரில்லாதவரோ, 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவரோ, பி உரிமம் (புதிய ஓட்டுநருக்கான தகுதிகாண் உரிமம்) வைத்திருப்பவரோ ஓட்டி விபத்து நேர்ந்தால் முதல் 400 வெள்ளி நம் பொறுப்பு. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த தம்பி மகன் முறுக்கு மாவு அரைத்து வரக் காரை எடுத்துச் செல்லும்போது யாரும் இதை நினைப்பதில்லை.

மழைக்காலத்துக்கே உரிய ஒன்று: வழக்கமான முழுக் காப்புறுதியில் வெள்ளம், நிலச்சரிவு, புயல் ஆகியவை அடங்காது. மரம் விழுந்தால்கூட, காரணம் இயற்கைச் சீற்றம் என்றால் நிறுவனம் மறுக்கலாம். இயற்கைப் பேரிடருக்கான கூடுதல் காப்பைத் தனியாக எடுத்திருக்க வேண்டும். எடுத்தவர்களும், தண்ணீரில் நின்றுபோன எஞ்சினை மீண்டும் மீண்டும் முடுக்கிப் பார்த்துச் சேதத்தைப் பெருக்கிக்கொள்ளக் கூடாது.

பட்டறையில்

தெரிந்தவர் என்பதற்காக டவுனில் உள்ள பட்டறையில் விட்டு, சேத மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும் முன்பே தகரத்தைத் தட்டத் தொடங்கிவிடுவது நம்மிடையே பெரிய வழக்கம். சேதத்தின் சாட்சி அந்தக் கார்தான். அதைக் கலைத்துவிட்டால் நிறுவனம் எதை நம்பிப் பணம் தரும்? அங்கீகரிக்கப்பட்ட பட்டறையில் விட்டு, ஒப்புதல் கடிதம் வந்த பிறகே வேலை தொடங்க வேண்டும். அதில் எந்தப் பாகம் மாற்றப்படும், எது பழுதுபார்க்கப்படும் என்ற பட்டியலின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

நிறுவனம் குறைத்துக் கொடுத்தாலோ மறுத்தாலோ முதலில் அதன் புகார்ப் பிரிவுக்கு எழுதி, இறுதி முடிவை எழுத்தில் பெற வேண்டும். அந்தக் கடிதம் கிடைத்த ஆறு மாதத்துக்குள், 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் நிதிச் சந்தை ஒம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பு) சேவையிடம் கட்டணமின்றி முறையிடலாம். தொலைபேசியில் சொன்ன பதிலை முடிவாக எடுத்துக்கொண்டு மனம் சோர்ந்து விட்டுவிடாதீர்கள்.

காரை எடுக்கப் பகல் வெளிச்சத்தில் செல்லுங்கள். வேலை திருப்தி என்று கையொப்பமிடும் தாள் கடைசியில்தான் வர வேண்டும். கதவு இடுக்குகள் இருபுறமும் ஒரே அளவில் உள்ளனவா, ஸ்டியரிங் நேராக இருக்கும்போது கார் நேராகப் போகிறதா, ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். பிறகு பட்டறையில் இருக்கும் ரப்பர் குழாயைக் கேட்டு வாங்கி, பின்பெட்டியின் ஓரத்திலும் விளக்குகளின்மீதும் ஐந்து நிமிடம் தண்ணீர் விடுங்கள். பெட்டியைத் திறந்து கம்பளத்தைத் தூக்கி, ஸ்பேர் டயர் குழியில் விரலை வைத்துப் பாருங்கள். ஈரம் பட்டால், அதை அந்தத் தாளிலேயே எழுத வைத்து, காரை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.