முதலாம் படிவத் தமிழ் வகுப்பில் முதல் வாரம்: பயிற்சி ஆசிரியருக்குச் சில வழிகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்து இடைநிலைப்பள்ளி ஒன்றில், ஆறாண்டுத் தொடக்கப்பள்ளிக்கு அடுத்த வகுப்பான முதலாம் படிவத்துக்குத் தமிழ் கற்பிக்கப் பயிற்றுப்பணிக்குச் செல்பவர், பாடநூலைத் திறப்பதற்கு முன் கால அட்டவணையைக் கேட்டு வாங்க வேண்டும். பெரும்பாலும் நான்கைந்து வகுப்புகளில் பிரிந்து இருக்கும் மாணவர்கள், தமிழ்ப் பாடவேளைக்கு மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு ஓர் அறையில் வந்து சேர்வார்கள். சில பள்ளிகளில் அந்தப் பாடவேளையே பள்ளி முடிந்த பிறகுதான். ஆகவே நாள் பாடத்திட்டத்தில் ஒரு மணி நேரம் என்று எழுதினாலும், ஐம்பது நிமிடமே கைக்குக் கிடைக்கும் என்று கணக்கிடுங்கள்.

இதை அறியாமல் என் முதல் பாடத்தில் எல்லாரும் வரட்டும் என்று காத்திருந்தேன். முதலில் வந்த எட்டுப் பேர் பேச்சில் இறங்கிவிட்டார்கள். சிற்றுண்டிச்சாலை வழியாகக் கடைசி மூவர் வந்தபோது, பாடத்தைத் தொடங்கிவைக்க இரவெல்லாம் வெட்டி ஒட்டிய பீடிகை அட்டைகளைப் பார்க்க யாருக்கும் மனமில்லை. மறுநாளிலிருந்து, மாணவர்கள் வருவதற்குள் வெண்பலகையில் பிழையுள்ள ஒரு வாக்கியத்தை எழுதி வைத்தேன். வருபவர் அமர்ந்தவுடன் அதைத் திருத்தி எழுத வேண்டும் என்பதே ஏற்பாடு. அதன்பின் காத்திருப்பதும் பாடமாயிற்று.

ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்தவரும், மலாய்வழித் தேசியப் பள்ளியில் வாரத்துக்குச் சில பாடவேளை மட்டுமே தமிழ் படித்தவரும் ஒரே மேசையில் அமர்வார்கள். முதல் வாரத்திலேயே தம் வீட்டைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லி, சிவப்பு மையைத் தொடாமல் வாசித்துப் பாருங்கள். யாரை யாரோடு அமர்த்துவது என்பது அதிலேயே தெரிந்துவிடும். லகர, ளகர, ழகரக் குழப்பம் இரு சாராரிடமும் உண்டு என்பதையும் காண்பீர்கள்.

சோதனையைக் காட்டி மிரட்டுவதும் பலிக்காது. ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். 2021இலும் மூன்றாம் படிவத் தேர்வான பி.டி.3 2022இலும் நீக்கப்பட்டுவிட்டதால், பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஐந்தாம் படிவத்தில் வரும் எஸ்.பி.எம். தேர்வு வெகு தொலைவு. பாடம் தன் சுவையாலேயே பிடித்து நிறுத்த வேண்டும். மரபுத்தொடர் கற்பிக்கையில் 'கரைத்துக் குடித்தல்' என்று எழுதியதும், பின்வரிசைப் பையன் ஒருவன், "டீச்சர், மைலோவையா?" என்று கேட்டான். அதட்டத்தான் வாயெடுத்தேன், பிறகு, "சரி, மைலோவைக் கரைத்துக் குடித்தால் தம்ளரில் என்ன மிஞ்சும்?" என்று கேட்டேன். "ஒன்னும் இருக்காது" என்றான். பாடநூலையும் அப்படி மிச்சமின்றிக் கற்பதே பொருள் என்றபோது விளக்க அட்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று. குறும்புக் கேள்விகளில் பாதி இப்படிப் பாடத்துக்கு உதவும். மீதியைக் காதில் வாங்காமல் விடலாம்.

விரிவுரைஞர் பார்வையிட வரும் நாளுக்கென்று தனிப் பாடம் தயாரிக்காதீர்கள், மாணவர்கள் முகமே காட்டிக் கொடுத்துவிடும். பாடம் எப்படிப் போயிற்று என்று திரும்பிப் பார்த்து எழுதும் சிந்தனை மீட்சியை அன்றன்றே எழுதுங்கள். நான் தீவிலிருந்து அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்குத் திரும்பும் பெர்ரிப் படகிலேயே மூன்று வரி எழுதிவிடுவேன். "நோக்கம் அடையப்பட்டது" என்ற வாடிக்கை வாக்கியத்தை எழுதாமல், எந்த நிமிடத்தில் யார் கவனம் சிதறியது என்று குறித்ததுதான் அடுத்த பாடத்தைத் திட்டமிட உதவியது.