பச்சை விளக்கு சிமிட்டியது, முன்சக்கரம் சுற்றவில்லை

கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்துச் சேற்றில் என் வண்டியை ஃபோர் வீலில், அதாவது நாலு சக்கரமும் இழுக்கும் முறையில், போட்டால், பின்சக்கரம் மட்டும் சுற்றியது. டேஷ்போர்டில் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது, நிலைத்து எரியவில்லை. நிலைத்து எரிந்தால்தான் ஃபோர் வீல் விழுந்ததாக அர்த்தம்.

ஃபியூஸ் மாற்றினேன், சுவிட்சைக் கழற்றித் துடைத்தேன். முன்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் மோட்டார் போய்விட்டது என்றார் மெக்கானிக். எனக்கு ஒப்பவில்லை, சுவிட்சைத் திருப்பும்போது அடியில் ‘டக்’ என்று கேட்கிறதே!

நாலாம் நாள், பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தினேன். ஃபோர் வீலில், டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் ஆக்சிலுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கையால் அசையவில்லை, சக்கரமோ இலகுவாகச் சுற்றியது. சரி, டிரான்ஸ்ஃபர் கேஸ் வேலை செய்கிறது. முன் ஆக்சிலைச் சக்கரத்தோடு கோக்கிற வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்புதான் வரவில்லை.

எஞ்சினை ஓடவிட்டு, வேக்குவத்தைத் திறந்து மூடும் மின்வால்வான சோலனாய்டின் முனையில் கட்டைவிரலை வைத்தேன்: பிடித்து இழுத்தது. ஆக்சில் முனையில் ஒன்றுமில்லை. நடுவிலிருந்த ஹோஸ் பார்வைக்குப் புதிது போலத்தான் இருந்தது. பேட்டரி தட்டுக்கு அடியில், கிளிப் கவ்விய இடத்தில் மட்டும் மயிரிழை வெடிப்பு. வளைத்தால்தான் வாய் திறக்கும்.

ஒரு மீட்டர் வேக்குவம் ஹோஸ் வாங்கிப் போட்டேன். நாலடி உருட்டியதும் விளக்கு நிலைத்து எரிந்தது. அப்பாடா!