சீனப் புத்தாண்டுச் சமயத்தில் சரக்கெடுக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் ஷூ கம்பெனிகளிலிருந்து பொங்கல் முடிந்த கையோடு சில இளைஞர்கள் சீனாவின் குவாங்தொங் மாகாணத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். சோல், பக்கிள், லேஸ் என்று நம் ஷூவுக்கு வேண்டிய பல பொருள்கள் அங்கிருந்து வருவதால், ஆர்டர் கொடுத்த சரக்கை நேரில் பார்த்து, தேறியதை மட்டும் கப்பலேற்றிவிட்டு வருவது அவர்களுடைய வேலை. பழைய வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றாகப் பிரிந்துவிட்டாலும் தோல் தொழில் பிரியவில்லை. எந்த ஊர்க் கம்பெனியிலிருந்து போனாலும் இவர்கள் செய்யும் தவறுகள் ஒன்றாகவே இருக்கின்றன. எங்கள் தலைமுறை செய்து, தண்டமும் கட்டி முடித்த தவறுகளையே இவர்கள் புதிதாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. விமானக் கட்டணம் ஏறும், ரயிலில் இடம் கிடைக்காது என்பனவற்றை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

அரசு விடுமுறையை மட்டும் எண்ணுவது

2025-இல் புத்தாண்டு ஜனவரி 29-ஆம் தேதி வந்தது. அரசு விடுமுறை ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரை 8 நாள். ஆனால் மக்கள் சொந்த ஊருக்குப் போய்த் திரும்பும் பயணக் காலம் என்று அந்நாட்டு அரசே கணக்கில் வைத்திருப்பது 40 நாள். அது புத்தாண்டுக்குப் பதினைந்து நாள் முன்னதாகத் தொடங்கிவிடுகிறது. அந்த ஆண்டு அது தொடங்கிய ஜனவரி 14 நமக்குத் தைப்பொங்கல். மாட்டுப் பொங்கலும் காளை விடும் விழாவும் முடிந்து நம் ஆள் விமானம் ஏறியபோது, அங்கே ஹூனான், சிச்சுவான் போன்ற வெளி மாகாணங்களுக்குப் போக வேண்டிய தொழிலாளர்கள் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார்கள். விடுமுறைக்கு ஈடாகச் சில சனி, ஞாயிறுகள் வேலை நாளாக்கப்படுவதும் உண்டு என்பதை மறந்து, அந்த நாள்களில் ஊர் சுற்றப் போய்விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

போட்டோவைப் பார்த்துப் பாக்கிப் பணத்தை விடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இந்த ஒரு தவறுதான். வழக்கமான ஏற்பாட்டின்படி ஆர்டரின்போது நூற்றுக்கு முப்பது அட்வான்ஸாகப் போகும். மீதி எழுபது சரக்குக் கிளம்பும் முன் போக வேண்டும். அந்த எழுபது நம் கையில் இருக்கும் வரைதான் நம் பேச்சுக்கு மதிப்பு. பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் சப்ளையர் போன் செய்து, இன்று பணம் வந்தால் இன்றே லாரி கிளம்பும், இல்லையென்றால் அடுத்த மாதம்தான் என்பார். அவர் பொய் சொல்லவில்லை. தொழிலாளர்களுக்குப் போனஸ் கொடுத்து ஊருக்கு அனுப்ப அவருக்கும் பணம் வேண்டும். பையன் பயந்துபோய் இங்கே ஆபீசுக்குச் சொல்லிப் பணத்தை விடச் செய்துவிடுகிறான்.

சேஃப்டி ஷூவுக்கான பி.யூ. (பாலியூரித்தேன்) சோல் ஒரு கன்டெய்னர் எடுக்கப் போன ஒருவர், சோல் பட்டறையிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில் இருந்த ஓட்டலில் உட்கார்ந்துகொண்டு, அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்த போட்டோவைப் பார்த்துச் சரி சொன்னார். பெட்டியின் மேல் நம் ஆர்டர் எண் தெளிவாகத் தெரிந்ததாம். சரக்கு சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, ஆம்பூருக்கு வந்து, சோல் ஒட்டும் வரை குறை எதுவும் தெரியவில்லை. ஒட்டி இரண்டு நாள் கழித்து, லேப் பையன் ஒரு ஷூவை எடுத்துக் கட்டைவிரலால் முன்பக்கத்தை நெம்பினான். சோல் வாழைப்பட்டை போல உரிந்து வந்தது. பசை முழுவதும் ஷூவின் மேற்பகுதியான அப்பர் பக்கமே நின்றுவிட்டது. சோல் பக்கம் பசையே படாததுபோல் பளபளவென்றிருந்தது. ஐரோப்பியத் தரத்தின்படி இந்த ஒட்டு ஒரு மில்லிமீட்டருக்கு 4 நியூட்டன் இழுவிசையையாவது தாங்க வேண்டும். இது மெஷினில் மாட்டிப் பார்க்கவே தகுதியில்லாத ஒட்டு.

காரணம் எளியது. பி.யூ. சோல் அச்சில் ஒட்டிக்கொள்ளாமல் கழன்று வருவதற்காக அச்சுக்குள் மெழுகு அல்லது சிலிக்கோன் கலந்த மருந்தை அடிப்பார்கள். வார்த்தெடுத்த சோலை ஆறவிட்டு, அந்த மருந்து போகும்படி கழுவி உலர்த்திய பிறகே பெட்டியில் போட வேண்டும். பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் கழுவும் பகுதியில் ஆளில்லை. அவர்கள் எல்லோருக்கும் முன்பே ரயிலேறிவிட்டார்கள். வார்க்கும் மெஷினில் மட்டும் ஆள் இருந்ததால் சோல் வந்துகொண்டே இருந்தது, வந்த சூட்டோடு பெட்டிக்குள் போயிற்று. மாற்றுச் சரக்குக் கேட்கலாமென்றால் பட்டறை பூட்டிக் கிடந்தது. கடைசியில் உள்ளூரில் ஆள் வைத்து ஒவ்வொரு சோலையும் துடைத்து, பிரைமர் அடித்து, காலணியை விமானத்தில் அனுப்பியதில் அந்த ஆர்டரின் லாபம் கரைந்து கைப்பணமும் போயிற்று.

"28-ஆம் தேதி வரைக்கும் ஃபேக்டரி இருக்கும்னு அவங்களே சொன்னாங்க சார்" என்றார் அந்தத் தம்பி. ஃபேக்டரி இருந்தது உண்மைதான். எந்தப் பட்டறையிலும் முதலில் காலியாவது பெயின்ட் அடிப்பவர், முலாம் பூசுபவர், பெட்டி செய்பவர் போன்ற வெளிக்கூலிச் சிறு பட்டறைகள். அடுத்துக் கழுவல், பேக்கிங். பிறகுதான் மெஷின் ஆட்கள். எல்லோருக்கும் கடைசியில் கிளம்புகிறவர் நம்மோடு போனில் பேசுகிற விற்பனைப் பிரிவுக்காரர். அவர் பதில் சொல்கிறார் என்பதால் வேலை நடக்கிறது என்று எண்ணுவது பேதைமை.

ஆகவே பணம் விடும் முன் பட்டறைக்கு நேரில் போக வேண்டும். முன்வரிசைப் பெட்டியைத் திறந்து காட்டுவார்கள். அதை விட்டு, உள்வரிசையில் அடியில் இருக்கும் பெட்டியை எடுக்கச் சொல்லுங்கள். ஒட்டும் பக்கத்தை வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். துணியில் வழவழப்பு ஏறினாலோ, தண்ணீர் பரவாமல் முத்தாக உருண்டு நின்றாலோ மருந்து போகவில்லை என்று பொருள். அங்கேயே நான்கு சோலை ஒட்டி, மறுநாள் பிரித்துப் பார்க்கும் வரை பணம் நகரக் கூடாது. கப்பல் தவறினால் தவறட்டும். தாமதத்துக்காக ஷூ வாங்கும் பையரிடம் திட்டு வாங்கலாம்; கழன்று விழும் ஷூவுக்குப் பதில் சொல்ல முடியாது.

திறந்தவுடன் வரும் முதல் லாட்டை அவசரப்படுத்துவது

போனஸ் வாங்கிக்கொண்டு போனவர்களில் பலர் அதே பட்டறைக்குத் திரும்புவதில்லை. ஆகவே முதல் லாட் புது ஆட்களின் கைவேலை. பதினைந்தாம் நாள் விளக்குத் திருவிழா கழிந்த பின்னரே வரிசைகள் நிரம்பும். அதற்கு முன் வருவதை இரட்டிப்பாகச் சோதிக்க வேண்டும்.

ஆண்டிறுதி விருந்தில் புகார் பேசுவது

பண்டிகைக்கு முன் கம்பெனிகள் தம் தொழிலாளர்களுக்கு வைக்கும் விருந்துக்கு உங்களையும் அழைத்தால் கட்டாயம் போங்கள்; மதுவை மறுத்துத் தேநீர்க் கோப்பையை உயர்த்தினாலும் யாரும் குறை நினைப்பதில்லை. அங்கே முதலாளியிடம் தள்ளுபடி, நஷ்டஈடு என்று தொடங்காதீர்கள். மறுநாள் காலையில் ஆபீசில் பேசுங்கள். பரிசாக ஆற்காட்டு மக்கன் பேடா கொண்டுபோவது நல்ல எண்ணம்தான், ஆனால் அதன் பாகு பெட்டியிலுள்ள சட்டையிலெல்லாம் ஊறிவிடும்.

சாப்பாட்டுக்கு வெளியை நம்புவது

தொழிற்பேட்டையின் சிற்றுண்டிக் கடைக்காரர்களும் வெளி மாகாணத்தவரே. அரிசியும் குக்கரும் கொண்டுபோங்கள்.





நம் பக்கத்து நாள்காட்டியை மறப்பது

அங்கே எப்போது மூடுகிறார்கள் என்று பார்க்கிறவர்கள், இங்கே எப்போது கை குறைகிறது என்று பார்ப்பதில்லை. 2026-இல் புத்தாண்டு பிப்ரவரி 17. ரமலான் நோன்பும் அதே வாரம்தான். நம் பகுதியில் பல ஃபேக்டரிகளில் நோன்பு மாதத்தில் வேலை நேரம் மாறும், ஓவர்டைம் குறையும். தாமதமாக வந்த சோலை இரவு ஷிப்ட் போட்டுச் சரிக்கட்டலாம் என்ற கணக்கு அப்போது செல்லாது. இஸ்லாமிய ஹிஜ்ரி ஆண்டு ஆங்கில ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு என்பதாலும், சீனப் புத்தாண்டும் இம்முறை அதே அளவு முன்னால் நகர்வதாலும், 2027-இலும் இரண்டும் ஒன்றாகவே வருகின்றன. அந்த ஆண்டுப் புத்தாண்டு பிப்ரவரி 6. பயணக் காலம் ஜனவரி 22 வாக்கில் தொடங்கிவிடும். நம் பொங்கல் விடுமுறை கழிந்தால் இடையில் மிஞ்சுவது ஒரு வாரத்துக்கும் குறைவு. ஆகையால் அச்சு புதிதாக வெட்ட வேண்டிய சோலுக்கு 2026 தீபாவளிக்கு முன்பே ஆர்டர் போய்விட வேண்டும். அந்த ஆர்டரிலேயே, பேக்கிங் முடிந்த சரக்கை நாம் நேரில் சோதிக்கும் கடைசித் தேதி பொங்கலுக்கு முன் விழுமாறு எழுதி, சப்ளையரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.