பெரியவர் வண்டி ஓட்டுவதை எப்போது நிறுத்துவது? வீட்டார் செய்யும் தவறுகள்

எழுபதைத் தாண்டிய அப்பாவோ மாமனாரோ இன்னும் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போகிறார் என்றால், "இன்னும் எத்தனை நாளைக்கு?" என்ற பேச்சு வீட்டில் வந்தே தீரும். வடசென்னையில் இது பெரும்பாலும் டூவீலர் விஷயம். கார் உரசினால் பெயின்ட் போகும். டூவீலர் சாய்ந்தால் இடுப்பெலும்பு போகும். துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓடும் சாலையில் சாய்ந்தால் கேட்கவே வேண்டாம்.

பலரும் வயதை வைத்துத் தீர்ப்பு சொல்கிறார்கள். சட்டத்தில் இத்தனை வயதோடு நிறுத்து என்று எங்கும் இல்லை. 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் லைசென்ஸ் ஐந்தைந்து வருடமாகக் கிடைக்கும். டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ கொடுக்க வேண்டும். "ஆர்.டி.ஓ.வே குடுத்துட்டான், உனக்கென்னடா?" என்று பெரியவர் மடக்குவார். ஆனால் 69 வயதில் வாங்கிய சான்று, 72-ல் வந்த கண்புரையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அறுபத்தைந்தில் நிறுத்த வேண்டியவரும் உண்டு, எழுபத்தெட்டில் நிதானமாக ஓட்டுபவரும் உண்டு.

ஹாலில் உட்கார்ந்து வாக்குவாதம் செய்வதைவிட, கீழே இறங்கி வண்டியைப் பார்ப்பது மேல். பிரேக் லீவரின் நுனி வளைந்திருக்கிறதா, இண்டிகேட்டர் உடைந்து செல்லோடேப் ஒட்டியிருக்கிறதா, ஒரே பக்கமாகப் புதுக் கீறல்கள் இருக்கின்றனவா? வழக்கமான மெக்கானிக்கிடம் விசாரியுங்கள். விழுந்ததை வீட்டில் சொல்லாதவர்கூட லீவர் மாற்ற அவரிடம் போயிருப்பார். அப்புறம் ஒருநாள் பின்னால் உட்கார்ந்து டோல்கேட்டிலிருந்து தங்கசாலை வரை போய்ப் பாருங்கள். சிக்னலுக்கு வெகு முன்பிருந்தே இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு போகிறாரா? வலது பக்கம் திரும்பும்போது கழுத்து திரும்பாமல் ஹாரனை மட்டும் நம்புகிறாரா? டிரெய்லர் லாரிக்கு இடது பக்கம் சந்தில் நுழைகிறாரா? அந்தப் பக்கம் இருப்பவர் லாரி டிரைவர் கண்ணில் படவே மாட்டார். இதில் ஒன்றிரண்டு இருந்தால் பேசித் திருத்தலாம். முப்பது வருடம் போய்வந்த தெருவில் வழி தடுமாறினால் மட்டும், அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் நாம் கவனிக்காமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பேரப்பிள்ளையை ஸ்கூலில் விடுவது தாத்தா. ரேஷன், மாவு மிஷின், பாட்டிக்கு மாத்திரை எல்லாமே அந்த எக்ஸ்.எல்.லில்தான். அவர் நிறுத்தினால் அத்தனையும் நம் தலையில் விழும். "அவரு இன்னும் நல்லாத்தான் ஓட்டுறாரு" என்று அடித்துச் சொல்பவர் யாரென்று பாருங்கள். அநேகமாக எட்டரைக்கு ஆபீஸ் கிளம்ப வேண்டியவர்தான். என்னைக் கேட்டால் பிள்ளையைப் பின்னால் ஏற்றுவதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். பெரியவரைப் பற்றிய முடிவு வரும்வரை அதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் வயதின் கணக்கில் எழுதிவிடுவதும் தவறு. எதிர் வண்டி லைட் கூசுகிறது என்றால் கண்புரையாக இருக்கலாம். ஆபரேஷன் செய்துகொண்டு, டாக்டர் சரி என்ற பிறகு திரும்ப ஓட்டுபவர்கள் எத்தனையோ பேர். எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி பக்கத்தில்தானே இருக்கிறது? கண் நீர் அழுத்தம் வேறு மாதிரி. வலி எதுவும் இல்லாமல் பக்கவாட்டுப் பார்வையைத் தின்றுவிடும், போனது திரும்பாது. நாள்பட்ட சர்க்கரையில் பாதம் மரத்துப்போனவருக்கு ஊன்றிய கால் தரையில் பட்டதே தெரியாது. மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றோடு கிளம்பினால் வழியில் சர்க்கரை இறங்கிவிடலாம். சளி மாத்திரை சில மயக்கம் தரும். ராத்திரி போட்ட தூக்க மாத்திரை காலையிலும் விடாது. மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டி, "வண்டி ஓட்டுறாரு" என்று சொல்லிவிடுங்கள்.

பேசும் இடத்தில்தான் பெரும்பாலான வீடுகள் சறுக்குகின்றன. பொங்கலன்று மருமகன், சம்பந்தி எல்லாரையும் வைத்துக்கொண்டு "உனக்கு வயசாயிடுச்சு நைனா, சாவிய குடு" என்றால் அவர் அடுத்த நாளே வேண்டுமென்று மணலி வரை போய்வருவார். தனியாக, "நைனா, நைட்ல எதிர் லைட்டு கண்ணுல அடிக்குதுன்னியே, ஒரு எட்டு டாக்டராண்ட காட்டிட்டு வந்துடலாம்" என்று தொடங்கினால் பேச்சு நீளும். முதலில் இரவு, பிறகு மழை, பிறகு எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை என்று ஒவ்வொன்றாக விடச் சொல்லலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒளித்து வைக்கும் வேலை வேண்டாம். மெக்கானிக் ஐந்து நிமிடத்தில் புதுசு போட்டுக் கொடுத்துவிடுவார், உங்கள் பேச்சை அதன்பின் பெரியவர் கேட்க மாட்டார். மறதி நோய் என்று டாக்டர் சொன்ன வீட்டில் மட்டும் கதை வேறு. அங்கே வாதம் பலிக்காது, சாவி கண்ணில் படாமல் இருப்பதே நல்லது.

ஆட்டோ ஓட்டிப் பிழைக்கும் பெரியவருக்கு இந்த அறிவுரை எதுவும் போதாது. அவரிடம் நிறுத்தச் சொல்வது வருமானத்தை விடச் சொல்வது. வண்டியை வாடகைக்கு விட்டால் என்ன வரும், பிள்ளைகள் மாதம் யார் எவ்வளவு கொடுப்பார்கள் என்று முடிவு செய்துகொண்டுதான் அவர் முன்னால் உட்கார வேண்டும்.

மற்றவர்களுக்கும் மாற்று வழியைப் பேச்சுக்கு முன்பே பார்த்து வையுங்கள். 2021 முதல் மெட்ரோ விம்கோ நகர் வரை ஓடுகிறது, ஸ்டேஷனில் லிஃப்ட் உண்டு. மாநகரப் பேருந்தில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மாதம் பத்து இலவச டோக்கன் தருகிறார்கள். காசிமேட்டுக்கு மட்டும் ஆட்டோதான் தோது. மீன் பேரம் பேசுவது அவருக்குப் பிடித்த வேலை. அதையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டு ஆன்லைனில் வஞ்சிரம் வரவழைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்களே பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போகலாம்.

நிறுத்துவது என்று முடிவான பிறகு வண்டியை வாசலிலேயே நிறுத்தி வைத்தால் சபலம் விடாது. விற்கும்போது, தெரிந்தவர்தானே என்று வெறும் சாவியைக் கொடுத்துவிடாமல் படிவம் 29, 30 போட்டு ஆர்.சி.யில் பெயர் மாற்றிவிடுங்கள். வாங்கியவர் யாரையாவது இடித்தால், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர் வீட்டுக்குத்தான் நோட்டீஸ் வரும்.