படத்தில் விழுந்த கோடு எரிகல்லா, செயற்கைக்கோளா?

பழைய வடஆற்காடு மாவட்டத்தின் சவ்வாது மலையில், வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ள காவலூர்ப் பக்கம் இன்றும் வானம் நன்றாக இருட்டுகிறது. டிசம்பர் 13, 14 இரவுகளில் அங்கே மிதுன எரிகல் பொழிவைப் படமெடுப்பவர்கள், மறுநாள் கணினியில் பார்க்கும்போது பல கோடுகளைக் கண்டு மகிழ்வார்கள். அவற்றில் பாதி செயற்கைக்கோள்களாக இருந்தாலும் வியப்பில்லை.

ஒரே படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, 15 அல்லது 20 விநாடிப் படங்களை இடைவெளியின்றி எடுத்தால், முன்னும் பின்னும் உள்ள படங்களே சாட்சி சொல்லும். எரிகல் பெரும்பாலும் ஒரு விநாடிக்குள் எரிந்து தீர்வதால் ஒரு படத்தில் மட்டுமே விழும். வானத்தைக் கடக்கச் சில நிமிடங்கள் எடுக்கும் செயற்கைக்கோளோ, அடுத்தடுத்த படங்களில் ஒரே பாதையில் நகர்ந்து செல்லும்.

பிறகு கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரு முனைகளும் மெலிந்து, நடுவில் பருத்து, பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடிந்தால் அது பெரும்பாலும் எரிகல்தான். சீரான தடிப்புள்ள வெண்கோடு செயற்கைக்கோளைக் காட்டும். விட்டுவிட்டு ஒளிரும் புள்ளிகள் விமானத்துக்குரியவை. சுழலும் செயற்கைக்கோள் கணநேரம் பளிச்சிட்டு எரிகல்லைப் போலவே ஏமாற்றும் என்பதால், வடிவத்தைவிட அடுத்த படத்தையே நான் அதிகம் நம்புவேன்.

நேரமும் உதவும்: தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள்கள் வெயில் படும்போதுதான் தெரியும் என்பதால், அந்திக்குப் பின்னும் விடியலுக்கு முன்னும் மிகுந்து, நள்ளிரவில் பெரிதும் குறைந்துவிடும்.